பதினேழாம் துண்டின் புதினா

புதினாவைத் தொட்டியில் வை என்றுதான் நான் சொன்னேன். எழுதியும் அனுப்பினேன். அந்தச் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. "தரையில் நடாதே. தொட்டி. தொட்டி. தொட்டி." ஏப்ரல் பதினொன்று, காலை ஏழு இருபது. அதற்குக் கீழே அம்மாவின் பதில்: "சரி. இன்று மூடுபனி. ரயில் தாமதமாகும்."

அவள் தரையில்தான் நட்டாள்.

என் அம்மா ஹிசனோ குரிமோத்தோ கமேயோகா என்ற ஆற்றங்கரை ஊரில் பிறந்தாள். அங்கேயே ஒரு தொடக்கப் பள்ளியின் சமையலறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தாள். சென்ற வருடம் பிப்ரவரியில், எழுபத்து மூன்று வயதில், அங்கேயே இறந்தாள். நானூறு குழந்தைகளுக்கான சூப்பைப் படகுத் துடுப்பு அளவு கரண்டியால் கிளறுவது அவள் வேலை. சமையலறைக் காற்றாடிகளின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகியவள். ஓய்வு பெற்ற பிறகும் குரல் இறங்கவில்லை. நூலகத்திலும் அப்படித்தான் பேசுவாள். மயானத்திலும் அப்படித்தான்.

தனக்குத் தெரிந்த ஒன்று அடுத்தவருக்குத் தெரியாமல் இருப்பதை அவளால் தாங்க முடியாது. பேருந்தில் போகிறவள், எதிர்ப்பக்க நிறுத்தத்தில் யாராவது நிற்பதைப் பார்த்தால் ஜன்னலைத் திறந்து, "அந்தப் பஸ் இன்னிக்கு இருபது நிமிஷம் லேட்டு!" என்று கத்துவாள். முன்பின் தெரியாதவர்களிடம் ஷூ நாடா அவிழ்ந்திருப்பதைச் சொல்வாள். தினமும் காலை ஆறு பத்துக்கு எனக்கு போன் வரும். நான் இருப்பது குசாட்சுவில், ஒரு மணி நேர ரயில் தூரத்தில்.

"சிஹோ, ஆத்தங்கரை முழுக்கப் பனி. சகானோ லைன் லேட்டாகும்."

"நான் அந்த லைன்ல போறதே இல்லம்மா."

"உன் ஆபீஸ்ல யாராச்சும் போவாங்கல்ல? சொல்லிடு."

பதினெட்டு வருடம் இந்த உரையாடல் நடந்தது. ஒரு நாளும் நான் ஆபீஸில் யாரிடமும் சொன்னதில்லை.

என் வேலை, காற்றில் கலந்திருக்கும் வாசனைகளைப் பிரித்து அளக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது. ஒரு நீச்சல் குளத்தில் ஒரு சொட்டு எதையாவது விட்டால் அது என்னவென்று அந்த இயந்திரம் சொல்லிவிடும். அம்மாவுக்கு இது புரியவே இல்லை. மூன்று வருடத்துக்கு முன் புத்தாண்டு அன்று, வெள்ளை மிஸோ என்ற புளித்த சோயா விழுதுச் சூப்பில் அரிசிக் கட்டியைப் போட்டு என் முன் வைத்துவிட்டு அவள் கேட்டாள்.

"உன் மெஷின் என்னதான் பண்ணுது? பக்கத்து வீட்டுல கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலை."

நான் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருக்கலாம். அவளுக்குத் தோட்டம் பிடிக்குமே என்று தோட்டத்திலிருந்து ஓர் உதாரணம் எடுத்தேன். ஒரு செடியைப் புழு கடித்தால் அது ஒருவித வாசனை விடும், பக்கத்துச் செடிக்கு அந்த வாசனை எட்டினால் தன்னைப் புழு தொடும் முன்பே அது தன் இலையைக் கசப்பாக்கிக்கொள்ளத் தயாராகும் என்றேன்.

"அப்போ ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்குதுங்க!"

"சொல்லலம்மா. கசியுது. பக்கத்துச் செடி அதை மோந்துக்குது, அவ்வளவுதான்."

"பக்கத்து வீட்டுல தீயற வாடை வந்தா நான் போய் என் அடுப்பைப் பார்க்கறேன். அதுவும் இதுதானே?"

"அங்க உன்கிட்ட யாரும் எதுவும் சொல்லலையே. வாடை வந்தது, நீ மோந்த."

"ஆனா எனக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல?"

அரிசிக் கட்டியை மென்றுகொண்டிருந்தேன். அத்தோடு விட்டிருந்தால் கூடப் பரவாயில்லை. நறுக்கிய புதினாவின் வாசனை பட்டால் பக்கத்தில் வளரும் சோயாவும் இப்படி உஷாராகிறது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று ஒரு வாக்கியம் சேர்த்தேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் கொடுத்த விலை பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், ஒரு வசந்தம் முழுவதும் முதுகுவலி, இன்னும் சில.

அம்மாவுக்கு நகராட்சியின் வாடகைத் தோட்டத்தில் ஒரு நிலத் துண்டு இருந்தது. ஆற்றங்கரைக்கு அருகில் முப்பத்தாறு துண்டுகள். ஐந்து மீட்டருக்கு ஆறு மீட்டர், நடுவில் நாற்பது சென்டிமீட்டர் நடைபாதை. அவளுடையது பதினேழு. ஓய்வு பெற்ற மறுநாளே விண்ணப்பித்து, நான்கு வருடம் காத்திருந்து, குலுக்கலில் கிடைத்தது. ஜூனில் கறுப்பு சோயா நடுவாள். அக்டோபரில் காயைக் கொத்தாகப் பிடுங்கி, உப்பு நீரில் வேகவைத்து, தெருவில் எல்லோருக்கும் கொடுப்பாள். அந்தக் காய்க்காகத்தான் மற்ற பதினோரு மாதமும் அவள் நடமாடினாள் என்று சொன்னால் மிகையில்லை.

அந்த ஏப்ரலில் மூன்று புதினாக் கன்று நட்டாள். ஜூலையில் அது ஒரு பாய் அளவு இருந்தது. தினமும் காலை அதன் தலையைக் கத்தரிப்பாள், சோயாவுக்கு எச்சரிக்கை போகட்டும் என்று. கத்தரிக்கக் கத்தரிக்கப் புதினா இன்னும் அடர்ந்தது. செப்டம்பரில் நடைபாதைக்கு அடியில் வேர்விட்டுப் பதினெட்டாம் துண்டில் எழுந்தது.

பதினெட்டு ஒபாதா-சானுடையது. தபால் துறையில் முப்பத்தெட்டு வருடம். நூல் கட்டித்தான் விதைப்பார். நடைபாதை நாற்பது சென்டிமீட்டர் இருக்கிறதா என்று மாதத்துக்கு ஒருமுறை டேப் வைத்துப் பார்ப்பார். தோட்டச் சங்கத்தின் விதிகள் அச்சிட்ட தாளைக் கருவிக் கொட்டகைக் கதவில் ஒட்டியவரும் அவர்தான். மழையில் நனையாமல் இருக்க அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறையும் போட்டிருந்தார்.

மார்ச் மாதப் பொதுக்கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார். நான் அங்கே இல்லை. அன்று மாலையே அம்மா போனில் எனக்கு நடித்துக் காட்டினாள், இரண்டு குரலிலும்.

"என் முள்ளங்கி வரிசைக்கு நடுவுல புதினா. பிடுங்கினேன், மறுபடி வந்துடுச்சு. அந்த முள்ளங்கியை ஊறுகாய் போட்டா பற்பசை மாதிரி இருக்கு. என் வீட்டம்மா வாயில வெக்க மாட்டேங்கறாங்க."

"அப்போ பல்லு வெளக்கற வேலை மிச்சம், ஒபாதா-சான்."

"விளையாடாதீங்க குரிமோத்தோ-சான். விதி ஆறு. அடுத்தவர் நிலத்துல பரவுற செடி கூடாது."

"அது உங்க சோயாவுக்கும் சேத்துதான் சொல்லிட்டிருக்கு. போன வருஷம் உங்க செடியில புழு இருந்துச்சா?"

"நான் மருந்து அடிச்சேன்!"

சங்கத் தலைவி முரோயி-சானுக்குச் சண்டை என்றாலே ஆகாது. "மன்னிக்கணும், மன்னிக்கணும், ரெண்டு பேரும் உட்காருங்க" என்று கும்பிட்டுக்கொண்டே இருந்தாராம். அப்போது அம்மா ஒன்று செய்தாள். என்னைக் கேட்கவில்லை. எழுந்து நின்று, காற்றாடிக் குரலில் அறிவித்தாள்.

"என் பொண்ணு சயன்ஸ் படிச்சவ. வாசனை அளக்கறதுதான் அவ தொழிலே. இந்த வருஷம் அவ எண்ணிப் பார்த்துச் சொல்லட்டும். புதினாவால பிரயோஜனம் இல்லேன்னு அவ சொல்லிட்டா, புதினாவும் போகட்டும், நானும் போறேன். பதினேழைத் திருப்பிக் குடுத்துடறேன்."

"எழுதிக்கட்டுமா?" என்றார் ஒபாதா-சான்.

"எழுதிக்கோங்க!"

எழுதிக்கொண்டார். கூட்டக் குறிப்பில் இருக்கிறது. பலன் இல்லையென்றால் அடுத்த மார்ச் முப்பத்தொன்றுக்குள் பதினேழாம் துண்டைப் புதினா வேர் ஒன்றும் இல்லாமல் சுத்தமாக ஒப்படைக்க வேண்டும். கீழே, கையெழுத்துக்குப் பதில், அம்மாவின் முத்திரை.

போனில் நான் கத்தினேன். யாரைக் கேட்டு என்றேன். நிலம் போய்விட்டால் அக்டோபரில் என்ன செய்வாய் என்றேன்.

"எதுக்குப் போகுது? உன் மெஷின்ல இருக்கறதைத்தானே நீ சொல்லப் போற?"

ஜூன் கடைசி ஞாயிறு நான் போனேன். இரண்டு பாத்திகள். ஒன்று பதினேழில், புதினாவுக்குப் பக்கத்தில். இன்னொன்று அறுபது மீட்டர் தள்ளி, மறுகோடியில் இருக்கும் முப்பத்தாறில். அது சங்கத்தின் பொது இடம், உரக்குழி இருப்பது. காற்று பெரும்பாலும் அங்கிருந்துதான் இந்தப் பக்கம் வீசும். ஒரே விதை, ஒரே உரம், பாத்திக்கு நாற்பது செடி. இரண்டிலும் மருந்து கிடையாது.

"இந்த முப்பத்தாறு எதுக்குன்னு புரியுதா? புதினா இல்லாம எப்படி இருக்கும்னு பாக்க. இதுக்கு எதுவும் பண்ணக் கூடாது. தண்ணி மட்டும்."

"புழு வந்தா?"

"வரட்டும்."

"கையால எடுத்துப் போடலாமா?"

"கூடாது."

"அப்போ இதுங்களுக்கு யார் சொல்லுவா?"

"யாரும் சொல்லக் கூடாதும்மா. அதுக்குத்தான் இது இருக்கு."

அவள் தொப்பியின் பின்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு அந்தக் கன்றுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நாலு இலை விட்டிருந்தன.

"பாவம்ல?"

"சோயாம்மா அது."

பன்னிரண்டு ஞாயிறு. காலை ரயில், ரப்பர் பூட்ஸ், இடுப்பில் கொசுவத்திச் சுருள். பாத்திக்கு இருபது செடி, செடிக்குப் பத்து இலை, கடிபட்டது எத்தனை என்று எண்ணுவேன். அம்மா பக்கத்தில் நின்று பார்லி டீ ஊற்றித் தருவாள், எண்ணிக்கையைத் தவறவிட வைப்பாள்.

"எழுபத்தி... அம்மா, பேசாத."

"முரோயி-சான் மருமகன் வேலையை விட்டுட்டாராம்."

"எழுபத்தி எத்தனை? போச்சு."

மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன். மதியம் அந்தப் பாத்தி ஓரமே உட்கார்ந்து சோற்று உருண்டை சாப்பிடுவோம். என் இருபது வயதுக்குப் பிறகு அவளோடு அத்தனை ஞாயிறுகள் நான் உட்கார்ந்ததில்லை. அதை நான் எண்ணவில்லை. இலையைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு முப்பத்தாறில் குனிந்தபோது புதினா வாசனை வந்தது. நிமிர்ந்தேன்.

"இங்க எப்படிப் புதினா வாடை?"

"என் கைதான். காலைல கத்தரிச்சேன்ல" என்று இரண்டு கையையும் என் மூக்குக்கு முன் நீட்டினாள். உண்மைதான், அவள் கையிலும் இருந்தது. நான் திருப்தியடைந்து எண்ணப் போனேன். வாசனையை அளந்து சம்பளம் வாங்குகிறவள்.

செப்டம்பரில் அம்மா மெலிந்திருந்தாள். தலைகீழாய்க் கவிழ்த்த பழப்பெட்டியில் உட்கார்ந்துகொண்டாள். வெயில் என்றாள். அந்த வருடம் வெயில் அதிகம்தான். நான் குறிப்பேட்டில் வெப்பநிலையை எழுதினேன்.

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு அறுவடை விருந்து. கொட்டகைக்கு வெளியே பெரிய பானையில் எல்லோருடைய சோயாவும் கொத்தாக வெந்துகொண்டிருந்தது. முரோயி-சான் என்னைப் படிக்கச் சொன்னார். ஒரு பக்க அறிக்கை. புதினாவுக்கு அருகில் இருநூறு இலைக்குச் சராசரி முப்பத்தொன்று கடிபட்டவை. முப்பத்தாறில் இருபத்தொன்பது. கடைசி வரி: "இரு பாத்திகளுக்கும் வேறுபாடு இல்லை. புதினாவால் பலன் இருப்பதாகத் தெரியவில்லை."

அந்த வரியை எழுதும் முன் நான் யோசிக்காமல் இல்லை. இரண்டு மூன்று எண்களை மாற்றினால் நிலம் தப்பும். என்னால் முடியவில்லை. எண்கள் அப்படித்தான் இருந்தன.

அம்மா வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். கையில் பாதி உரித்த காய். ஏதோ சொல்லப் போகிறாள், சண்டை பிடிப்பாள், எனக்கு எண்ணத் தெரியாது என்பாள் என்று காத்திருந்தேன். முதலில் என்னைப் பார்த்தாள். அப்புறம் ஒபாதா-சானைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"பொண்ணு சொன்னா சரிதான்" என்றாள், சாதாரணக் குரலில். எனக்கு அவள் சாதாரணக் குரல் எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. கோபம் என்று நினைத்தேன். ரயிலடியில் என் பையில் ஒரு கட்டு காயைத் திணித்தாள். "இன்னிக்கே வேகவெச்சுடு. நாளைக்கு வெச்சா ருசி போயிடும்."

மருத்துவமனையில் அவளுக்குக் கணையத்தில் புற்று என்று சொல்லி அப்போது பத்து நாள் ஆகியிருந்தது. எனக்கு டிசம்பரில்தான் தெரிந்தது. அதுவும் அவள் சொல்லவில்லை, மருத்துவமனைப் படிவத்துக்கு உறவினர் கையெழுத்து தேவைப்பட்டது.

"ஊரு பூரா பனி வருது பனி வருதுன்னு சொல்ற! இதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப? லீவு போட்டிருப்ப."

"போட்டிருப்பேன்தான்!"

"அதான்" என்றாள். பிறகு என் பின்னால் போன நர்சைக் கூப்பிட்டு, வண்டியின் இடது சக்கரம் ஆடுகிறது, யாராவது விழுவார்கள் என்று சொன்னாள்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி இறந்தாள். அன்று காலை ஆறு பத்துக்கு எனக்கு விழிப்பு வந்தது. இப்போதும் வருகிறது. இதற்கு ஒரு பழுதுநீக்கும் முறை எனக்குத் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து பதினேழைத் தோண்ட ஆரம்பித்தேன். மார்ச் முப்பத்தொன்று கெடு அப்படியே இருந்தது. அவள் முத்திரை வைத்த கடைசிக் காகிதம் அது. அதை மீற எனக்கு மனமில்லை, செய்யவும் பிடிக்கவில்லை. மேல்மண் உறைந்திருந்தது. அடியில் புதினா வேர், வெள்ளையாக, தடிமனாக, நூடுல்ஸ் போல. ஒரு விரல் நீளம் விட்டுப்போனாலும் ஏப்ரலில் முளைத்துவிடும். அதனால் சல்லடையில் சலித்தேன். முப்பது சதுர மீட்டர் மண்ணையும். மண்வெட்டி படும் ஒவ்வொரு முறையும் வாசனை கிளம்பியது. அம்மா இறந்து மூன்று வாரத்துக்குப் பிறகும் என் முகத்துக்கு நேரே வந்து எதையோ சொல்லிக்கொண்டே இருப்பது போல. வாயை மூடு என்று சத்தமாகவே சொன்னேன். பத்தொன்பதாம் துண்டில் வெங்காயத்துக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தவர் எழுந்து போய்விட்டார்.

மூன்றாவது சனிக்கிழமை ஒபாதா-சான் நடைபாதையில் வந்து நின்றார். கையில் ஒரு நீல வாளி. அம்மாவின் பழைய பள்ளி வாளி, பக்கவாட்டில் சமையலறை என்று எழுதியிருக்கும்.

"இதைத் திருப்பிக் குடுக்கணும்."

"இது எப்படி உங்ககிட்ட?"

அவர் தொப்பியைக் கழற்றினார். திரும்பவும் போட்டுக்கொண்டார். "நீங்க கோவப்படுவீங்க."

"ஏற்கெனவே கோவமாத்தான் இருக்கேன். சொல்லுங்க."

"போன வருஷம் தினம் காலைல நான் அஞ்சரைக்கு வருவேன். உங்க அம்மா அஞ்சு மணிக்கே வந்து புதினாவைக் கத்தரிச்சுடுவாங்க. கத்தரிச்சதை இந்த வாளியில போட்டு முப்பத்தாறுக்கு எடுத்துட்டுப் போவாங்க. செடிக்குச் செடி தூவுவாங்க."

நான் மண்வெட்டியை விட்டுவிட்டேன்.

"தினமுமா?"

"தினமும். சனிக்கிழமை சாயங்காலம் வந்து காஞ்சதையெல்லாம் பொறுக்கி உரக்குழியில போட்டுடுவாங்க. ஞாயித்துக்கிழமை நீங்க வருவீங்கன்னு. 'இது தப்பில்லையா குரிமோத்தோ-சான், அதுல போடக் கூடாதுன்னு உங்க பொண்ணு சொல்லியிருக்காங்களே'ன்னு கேட்டேன். 'நாப்பது செடி ஒண்ணும் தெரியாம நிக்குதுங்க. பக்கத்துல விஷயம் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு நான் எப்படிச் சும்மா போறது'ன்னாங்க. அப்புறம் இன்னொண்ணும் சொன்னாங்க. ரெண்டு பாத்தியும் நல்லா இருந்தா ரெண்டு மடங்கு நிரூபணம்னு."

"ரெண்டு மடங்கு நிரூபணமா!"

"எனக்கும் அது சரியாத்தான் பட்டுது" என்றார் ஒபாதா-சான். "நீங்க அறிக்கை படிச்சப்பத்தான் புரிஞ்சுது. அவங்களுக்கும் அப்பத்தான்."

நான் மண்ணில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு ஞாயிறு. நாலாயிரத்து எண்ணூறு இலை. ஒப்பிடுவதற்கு வைத்த பாத்திக்கே தினம் புதினா. வேறுபாடு எப்படி இருக்கும்? அந்த வருடம் இருபத்திரண்டாம் துண்டில் சோயா இலையெல்லாம் புழு அரித்து வலை போலக் கிடந்தது, பார்த்தேன், எழுதவில்லை. மூன்றாவதாக ஒரு பாத்தி வைத்திருந்தால் தெரிந்திருக்கும். புதினா வேலை செய்திருக்கலாம். செய்யாமலும் இருந்திருக்கலாம். அந்த எண்களை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. நான் சொன்னேன். அதை நம்பி அவள் நிலத்தை விட்டாள்.

"விருந்துல நீங்க ஏன் சொல்லலை? உங்களுக்குத் தெரியும்ல!"

"எனக்குப் புதினா போகணும்னு இருந்துச்சு" என்றார். இதைச் சொல்லும்போது தரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "ஆனா விருந்து முடிஞ்சு கேட்டேன். சொல்லிடட்டுமா, அந்த அறிக்கை செல்லாதுன்னு. 'வேண்டாம். எல்லார் முன்னாடியும் பொண்ணு படிச்சது தப்புன்னு ஆயிடும். அவ பன்னெண்டு ஞாயித்துக்கிழமை வந்திருக்கா'ன்னாங்க."

"வாளி?"

"செப்டம்பர்ல அவங்களால தூக்க முடியலை. நடுவழியில உட்கார்ந்துடுவாங்க. கடைசி ரெண்டு வாரம் நான்தான் தூக்கிட்டுப் போனேன்."

"நீங்களா? புதினாவையா?"

"தூவலை. தூக்கினேன், அவ்வளவுதான். தூவினது அவங்கதான்."

எனக்கு முன்னால் இவருக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்கு உடம்பு முடியவில்லை என்று நூல் கட்டி விதைக்கிற ஒரு மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. நான் இரண்டடி தள்ளிக் குனிந்து இலை எண்ணியிருக்கிறேன். வாளியை எடுத்துத் தூக்கி எறிந்தேன். அது நடைபாதையில் உருண்டு அவர் முள்ளங்கி வரிசையில் போய் நின்றது. அவர் போய் எடுத்து வந்து, மண்ணைத் துடைத்து, மறுபடி என் பக்கத்தில் வைத்தார்.

மறுநாள் பொதுக்கூட்டம். நான் கை தூக்கினேன். என் அறிக்கை செல்லாது, அதன்மேல் எடுத்த முடிவும் செல்லாது, கூட்டக் குறிப்பில் திருத்த வேண்டும் என்றேன். காரணத்தைச் சொன்னபோது பின்வரிசையில் சிரித்தார்கள். என்னைப் பார்த்தா, அம்மாவை நினைத்தா என்று தெரியவில்லை. ஒபாதா-சான் எழுந்து, வாளி தூக்கியது உண்மை என்று சாட்சி சொல்லி, தொண்ணூறு பாகைக்குக் குனிந்தார். அப்படியே நின்றார். முரோயி-சான் மூன்று முறை "மன்னிக்கணும்" சொன்ன பிறகுதான் நிமிர்ந்தார்.

"அப்போ, மன்னிக்கணும், என்னன்னு திருத்தறது? புதினாவால பலன் உண்டுன்னா?"

"இல்லை."

"பலன் இல்லைன்னா?"

"அதுவும் இல்லை. தெரியவில்லைன்னு போடுங்க."

"இவ்வளவும் பண்ணிட்டுத் தெரியலைன்னா எப்படிம்மா? அம்மா இருந்தா உண்டுன்னு போடச் சொல்லியிருப்பாங்க."

"தெரியும். தெரியவில்லைன்னு போடுங்க."

போட்டார்கள். முடிவு ரத்தானதால் பதினேழு யாரிடமும் திரும்பிப் போகவில்லை. விதிப்படி உறுப்பினர் இறந்தால் அந்த வருட முடிவு வரை குடும்பத்தினர் பயிர் செய்யலாம். விதி பதினொன்று. ஒபாதா-சான் பக்கத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார்.

இப்படியாக ஜூனில் நான் மறுபடி வந்தேன். இந்த முறை மூன்று பாத்திகள். ஒன்று புதினாவோடு, இரண்டு புதினா இல்லாமல், ஒன்றுக்கொன்று தள்ளி. புதினா தொட்டியில்தான். ஆனால் தொட்டிக்குப் புதினா வேண்டுமே? தரையில் இருந்ததையெல்லாம் நான்தான் ஒரு விரல் விடாமல் சலித்து எரிக்கக் கொடுத்துவிட்டேன். கடையில் வாங்கலாம் என்று ஒபாதா-சானிடம் சொன்னேன். அவர் காதைச் சொறிந்தார். மறுநாள் சைக்கிளில் மூன்று தொட்டிகளை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். அடர்த்தியாக, நன்றாகத் தண்ணீர் பார்த்து வளர்த்த புதினா.

"உங்க அம்மா அக்டோபர்ல குடுத்தாங்க. தூக்கிப் போட மனசு வரலை" என்றார். "தொட்டியிலதான் வெச்சிருந்தேன்."

வார நாட்களில் கத்தரிக்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். காலை ஐந்தரைக்கு, பதினேழில் மட்டும். கத்தரித்ததை அங்கேயே விட வேண்டும். வேறு எங்கும் கொண்டுபோகக் கூடாது. இதை எழுதி அவரிடம் முத்திரையும் வாங்கினேன். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் வைத்தார்.

ஜூலை மூன்றாம் ஞாயிறு. முப்பத்தாறில் எண்ண உட்கார்ந்தேன். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. அடுத்த செடியின் இலையைத் தூக்கினேன். தண்டோரம் வைக்கோலுக்கு அடியில் வாடிய புதினாத் துணுக்குகள். சீராக, ஒரே நீளத்தில் நறுக்கியவை. பக்கத்துச் செடியிலும். அதற்கடுத்ததிலும். செடிக்குச் செடி ஒரே அளவு இடைவெளி, நூல் கட்டி வைத்தது போல.

எழுந்து கத்தினேன். அறுபது மீட்டர். என் குரல் அத்தனை தூரம் போகும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"ஒபாதா-சான்!"

அவர் மறுகோடியில் நிமிர்ந்தார். தொப்பியைக் கழற்றினார்.

"காத்துல வந்திருக்கும்!"

"காத்து கத்தரிக்கோல் வெச்சு வெட்டுச்சா?"

தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு, "அந்தக் கோடியில தனியா நிக்குதுங்க, சிஹோ-சான்!" என்றார். "ராத்திரி மழை, காலைல புழு. யாராச்சும் சொல்ல வேண்டாமா?"

முரோயி-சான் தன் வெள்ளரிப் பந்தலுக்குப் பின்னால் மறைந்துகொண்டார்.

குறிப்பேட்டைத் திறந்தேன். தேதி போட்டேன். "முப்பத்தாறாம் துண்டில் புதினா. ஒப்பீடு கெட்டது. மறுபடியும்." என்று எழுதினேன். பேனாவை மூடினேன். ஒப்பிட மீதமிருந்தது மூன்றாவது பாத்தி மட்டும். அது எங்கே என்று நான் ஒருவரிடமும் சொல்லவில்லை, இங்கும் எழுதப் போவதில்லை.

பிறகு உட்கார்ந்து முப்பத்தாறை முதலிலிருந்து எண்ணினேன்.